குற்றப்பத்திரிகையில ஏறாம போன குற்றங்கள்: நம்ம வாசிப்பு வட்டத்தோட 2025 ஆண்டறிக்கை

தலைவருக்கும் பொருளாளருக்கும் கூட்டத்துக்கு வந்திருக்கிற உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். செயலாளர்ங்கற முறையில இந்த வருஷ அறிக்கையை வைக்கிறேன். வரவு செலவை பொருளாளர் தனியா வாசிப்பாரு, நிர்வாகக் குழுவுல மாற்றம் எதுவும் இல்ல, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

போன பொதுக்குழு தீர்மானப்படி இந்த வருஷம் பூரா ஒரே தலைப்புதான் எடுத்தோம். சர்வதேச கோர்ட்டுகள்ல பாலியல் வன்முறை குற்றச்சாட்டு எப்படி உள்ள வருது, எப்படி விட்டுப்போகுது, அதை யாரு முடிவு பண்றாங்க. ஆரம்பத்துல நெறைய பேர் நினைச்சது, பொண்ணுங்க வெளிய சொல்லத் தயங்கறதாலதான் இந்த கேஸெல்லாம் நிக்க மாட்டேங்குதுன்னு. தீர்ப்புகளை வாசிக்க வாசிக்க அந்த நினைப்பு உடைஞ்சுது. பல கேஸ்ல அவங்க சொல்லத் தயாராதான் இருந்திருக்காங்க, பிராசிக்யூட்டர் ஆபீஸ் கேட்கல, இல்ல கேட்டும் எழுதல, எழுதினாலும் ரொம்ப லேட்டா எழுதியிருக்கு.

முதல்ல எடுத்தது, 1994 இனப்படுகொலையை விசாரிச்ச ருவாண்டா தீர்ப்பாயத்தோட அகயேசு கேஸ். டாபா கம்யூனோட மேயரா இருந்த ஆளு. பாலியல் வன்முறை அங்க எவ்வளவு பரவலா நடந்துச்சுன்னு ஐநா அறிக்கை 1996 ஜனவரியிலேயே சொல்லிடுச்சு, ஆனா அதுக்கு அடுத்த மாசம் போட்ட குற்றப்பத்திரிகையில அதைப்பத்தி ஒரு வரி கூட கிடையாது. 1997 ஜனவரியில வேற விஷயத்துக்கு சாட்சி சொல்ல வந்த ஒரு அம்மா, தன்னோட ஆறு வயசு மகளை மூணு பேர் சீரழிச்சதை கூண்டுல நின்னு சொல்றாங்க. பெஞ்சுல இருந்த நீதிபதிகள் அதை அப்படியே விடாம மேல கேட்டாங்க, அதுல ஒரே பெண் நீதிபதி நவநீதம் பிள்ளை, டர்பன்ல தமிழ்க் குடும்பத்துல பொறந்தவங்க, இந்த இடத்தை வாசிச்சப்போ கூட்டத்துல எல்லாருக்கும் பெருமையா இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் 1997 ஜூன்ல குற்றப்பத்திரிகையைத் திருத்தினாங்க, 1998 செப்டம்பர் 2 தீர்ப்புல பாலியல் வன்முறையும் இனப்படுகொலையோட ஒரு பகுதியா ஆகலாம்னு உலகத்துலயே முதல் தடவையா ஒரு சர்வதேச கோர்ட் சொல்லுச்சு. இன்னிக்கு எல்லாரும் கொண்டாடற தீர்ப்பு, பிராசிக்யூட்டர் தானா போட்ட சார்ஜ்ல இருந்து வரல.

சியரா லியோன் உள்நாட்டுப் போர்க் குற்றங்களை விசாரிச்ச சிறப்பு நீதிமன்றத்தோட கேஸ் எனக்கு ரொம்ப மனசு கஷ்டம் குடுத்தது. அரசுக்கு ஆதரவா சண்டை போட்ட சிடிஎஃப்ங்கற படையோட தலைவர்கள் மேல பாலியல் குற்றங்களைச் சேர்க்கணும்னு பிராசிக்யூஷன் 2004 பிப்ரவரியில மனு போடுது, விசாரணை ஜூன்ல ஆரம்பிக்கப் போகுது. லேட்டுன்னு சொல்லி மே மாசம் பெரும்பான்மை நீதிபதிகள் தள்ளுபடி பண்ணிட்டாங்க, நீதிபதி பூத்தே மட்டும் மாறுபட்டாரு. அப்புறம் அந்தச் சாட்சியத்தையே உள்ள விடல, அதனால பொண்ணுங்க கூண்டுல ஏறி பசி, அடி, சாவு எல்லாத்தையும் சொல்லலாம், தங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்லக்கூடாது. அதே கோர்ட்தான் இன்னொரு கேஸ்ல, 2008ல, கட்டாயக் கல்யாணத்தை மனிதகுலத்துக்கு எதிரான குற்றம்னு ஏத்துக்கிச்சு. யூகோஸ்லாவியா தீர்ப்பாயத்துல, பொஸ்னியாவுல செர்பிய ஆயுதக் குழுத் தலைவரா இருந்த மிலான் லூக்கிச் கேஸ்லயும் இதே கதை. 2008 ஜூன்ல, விசாரணைக்குச் சில வாரம் முன்னாடி மனு, தள்ளுபடி, கடைசியில ஆயுள் தண்டனை கிடைச்சும் அந்தக் குழு இருந்த விஷேக்ராட் ஊர்ப் பொண்ணுங்களுக்கு நடந்தது குற்றமாவே பதிவாகல.

இதுல நம்ம வக்கீல் உறுப்பினர் ஒருத்தர் ஒரு வாதம் வச்சாரு, கடைசி நேரத்துல புது சார்ஜ் போட்டா குற்றம் சாட்டப்பட்டவர் எப்படி தற்காத்துக்குவார், அவருக்கும் உரிமை இருக்கில்லன்னு. அந்தக் கூட்டம் ரொம்ப நேரம் போச்சு. அவர் சொன்னது நியாயம்னுதான் நானும் நினைக்கிறேன், ஆனா அந்த நியாயமே பிராசிக்யூட்டர் மேலதான் பொறுப்பைப் போடுது, சாட்சியம் கையில வந்தப்பவே எழுதியிருந்தா இந்த மோதலே வந்திருக்காதே.

அதிக நேரம் குடுத்தது ஹேக்ல இருக்கிற சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தோட லுபாங்கா, என்டகாண்டா கேஸ்களுக்கு. ரெண்டு பேரும் காங்கோ இட்டூரியில ஒரே ஆயுதக் குழு, 2002, 2003ங்கற அதே காலம். அந்த நீதிமன்றத்தை அமைச்ச ரோம் சட்டத்தோட 54ஆவது பிரிவே பாலியல் வன்முறையைக் கவனத்துல வச்சு விசாரிக்கணும்னு பிராசிக்யூட்டருக்குச் சொல்லுது. ஆனா லுபாங்கா மேல அப்போதைய பிராசிக்யூட்டர் மொரேனோ ஒக்காம்போ போட்டது சிறுவர்களைப் படையில சேர்த்த குற்றம் மட்டும்தான். பொம்பளப் புள்ளைங்களைப் படையில என்ன பண்ணாங்கன்னு சாட்சிகள் கோர்ட்லயே சொன்னாங்க, பாதிக்கப்பட்டவங்க வக்கீல்கள் அதைச் சேர்க்கச் சொல்லி 2009ல கேட்டாங்க, பிராசிக்யூட்டர் எதிர்த்தாரு, விசாரணை நீதிபதிகள்ல பெரும்பான்மை ஒத்துக்கிட்டும் மேல்முறையீட்டுல முடியாதுன்னு ஆகிடுச்சு. அப்புறம் பிராசிக்யூட்டர் தரப்பு தண்டனை கேட்கும்போது மட்டும் அதே வன்முறையைக் கணக்குல எடுங்கன்னு வந்து நின்னாங்க. 2012 ஜூலையில நீதிபதிகள் இந்த நடத்தையை வெளிப்படையாவே கண்டிச்சாங்க. 14 வருஷம் தண்டனை, அதுல பாலியல் வன்முறை கிடையாது.

இது பேப்பர்ல மட்டும் இருக்கிற இழப்பு இல்ல. 2015 மார்ச்ல மேல்முறையீட்டு நீதிபதிகள், பாலியல் வன்முறையால வந்த பாதிப்பை லுபாங்கா கேஸ் இழப்பீட்டுல சேர்க்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. பிராசிக்யூட்டர் சார்ஜ் போடாததுக்கு பாதிக்கப்பட்ட பொண்ணு விலை குடுத்திருக்கா.

என்டகாண்டா மேலயும் 2006 வாரண்ட்ல சிறுவர் படை சார்ஜ் மட்டும்தான் இருந்துச்சு, 2012ல ரெண்டாவது வாரண்ட்லதான் பாலியல் குற்றங்கள் வந்துச்சு. அடுத்த பிராசிக்யூட்டரா ஃபத்து பென்சூடா பொறுப்புக்கு வந்தப்புறம் ஆபீஸ் வேலை செஞ்ச விதம் மாறுச்சு, 2014 ஜூன்ல இதுக்குன்னே தனிக் கொள்கை வெளியிட்டாங்க. 2019ல என்டகாண்டாவுக்கு 30 வருஷம், தன்னோட படையிலேயே இருந்த புள்ளைங்களுக்கு நடந்த வன்முறைக்கும் சேர்த்து. 2021 இழப்பீட்டு உத்தரவுல அந்த வன்முறையால பொறந்த குழந்தைகளையும் நேரடியா பாதிக்கப்பட்டவங்கன்னு சேர்த்தாங்க.

சார்ஜ் போட்டா மட்டும் போதாதுங்கறதுக்கு அதே நீதிமன்றத்துல காங்கோ படைத் தலைவர் பெம்பா கேஸ் இருக்கு, 2016ல 18 வருஷம் குடுத்து 2018ல மூணுக்கு ரெண்டுங்கற கணக்குல விடுதலை. அதை இந்த வருஷம் முழுசா வாசிக்க நேரம் இல்ல.

அதே நீதிமன்றத்துல 2021ல பிராசிக்யூட்டரா பொறுப்புக்கு வந்த கரீம் கான் மேல வந்த பாலியல் நடத்தை புகாரைப் பத்தியும் பேசினோம். அவர் மறுக்கறாரு, 2025 மே மாசம் விசாரணை முடியற வரைக்கும்னு லீவுல போனாரு. நாம யாரும் தீர்ப்பு சொல்ல வேண்டாம்னு தலைவர் சொன்னது சரி. ஆனா புகார் குடுக்கறவங்களுக்குப் பாதுகாப்பு அந்த ஆபீஸுக்குள்ளயே இருக்கணும்னு எல்லாரும் ஒத்துக்கிட்டோம், ஏன்னா அதே ஆபீஸை நம்பித்தான் போர் நடந்த ஊர்கள்ல இருந்து பொண்ணுங்க வாய் திறக்கறாங்க.

அடுத்த வருஷத்துக்கு 2025 ஜூலையில தாலிபான் தலைவர்கள் ரெண்டு பேர் மேல வந்த வாரண்டை எடுக்கலாம்னு குழு சொல்லுது, பாலின அடிப்படையிலான அடக்குமுறைங்கறதே அதுல முக்கிய சார்ஜ். கூடவே மாலி நாட்டு ஆயுதக் குழுவைச் சேர்ந்த அல் ஹசன் மேல வந்த 2024 தீர்ப்பு, அங்க அந்தக் குற்றச்சாட்டுகள்ல ஏன் விடுதலை ஆனாருன்னு நிதானமா வாசிக்கணும். உறுப்பினர்கள் கருத்து சொல்லிட்டு, அறிக்கைக்கு ஒப்புதல் குடுக்கும்படி கேட்டுக்கிறேன்.