வெள்ளைக் கார் வாங்கியிருக்கும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

பெயரைப் போட்டு எழுதினால் கோபித்துக்கொள்வாய், அதனால் போடவில்லை. நாலாவது தடவையில் ரோடு டெஸ்ட் பாஸாகி, மூன்றே வாரத்தில் பழைய கார் ஒன்றை வாங்கி, சாவியைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாய். நைட் டூட்டி முடித்துவிட்டு ஷார்ஜா வெயிலில் டாக்சிக்கு நின்றதெல்லாம் போதும். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் போனில் எது சொன்னாலும் "சரிண்ணா, சரிண்ணா" என்று வைத்துவிடுவாய். அதனால் இங்கேயே எழுதுகிறேன். அங்கே புதிதாக வண்டி வாங்கும் நம்மாட்கள் நாலு பேரும் படிக்கட்டும்.

நான் நடுவழியில் நின்ற கதை உனக்குப் பாதிதான் தெரியும். 2014 ஆகஸ்ட். வேலை முடிந்து துபாயிலிருந்து ஷார்ஜா திரும்புகிறேன். ஈ 311 சாலை, துபாயின் மிர்திஃப் பகுதியைத் தாண்டியிருப்பேன். முதலில் ஏ.சி.யில் வெந்நீர் ஆவி மாதிரி காற்று வந்தது. கேஸ் தீர்ந்துவிட்டது போல என்று கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினேன். இன்ஜின் கொதிக்கிறபோது வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் ஏ.சி.யைத்தான் நிறுத்தும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அடுத்த பார்வையில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டிருந்தது. பானெட் ஓரமெல்லாம் புகை. வலது ஓரத்துக்கு எப்படி வந்து நிறுத்தினேன் என்று இன்னும் நினைவில்லை.

இறங்கியதும் செய்த முதல் காரியம், துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனது. பின்னால் ஒரு லாரி நின்று, அதிலிருந்து குதித்து ஓடிவந்தவர் "லா, லா" (அரபியில் வேண்டாம், வேண்டாம்) என்று கத்திக்கொண்டே என் கையைத் தட்டிவிட்டார். உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் இருக்கிறது, 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் அடைபட்டுக் கிடக்கிறது. மூடி விலகிய நொடியில் மொத்தமும் ஆவியாக முகத்தில் அடித்திருக்கும். குடிக்க ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்துவிட்டு, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நில் என்று சைகை காட்டிவிட்டு அவர் போய்விட்டார். எந்த ஊர்க்காரர் என்றுகூடக் கேட்கவில்லை.

அப்புறம் ரெக்கவரிக்குப் போன் செய்தேன். (இழுத்துப் போகும் வண்டிக்கு அங்கே அதுதான் பெயர், வேறு எப்படிச் சொன்னாலும் யாருக்கும் புரியாது.) டிரைவர் ஒரு பட்டாணியர், பஷ்தூன் ஆள். என் ஹிந்தி உனக்குத் தெரியும். "எமிரேட்ஸ் ரோடு, மிர்திஃப்" என்று இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டேன். ஒன்றரை மணி நேரம் ஆளைக் காணோம். என்ன விஷயம் என்றால், 311-ஐ ரூமில் எல்லோரும் எமிரேட்ஸ் ரோடு என்றுதான் சொல்வார்கள். அது பழைய பெயர். 2013-ல் அதை ஷேக் முகமது பின் சாயித் ரோடு ஆக்கி, எமிரேட்ஸ் ரோடு என்ற பெயரைப் பாலைவனப் பக்கம் போகும் 611-க்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த மனிதர் பலகையில் இருந்தபடி சரியாகத்தான் போயிருக்கிறார். நான்தான் இல்லாத ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன். இப்போது போனிலேயே இருக்கிற இடத்தை அனுப்பிவிடலாம். ஆனாலும் எண்ணைச் சொல்லிப் பழகு: 311, கடைசியாகத் தாண்டிய எக்ஸிட் எண், போகிற திசை. எந்த மொழிக்காரருக்கும் எண் புரியும்.

சனையாவில் (கராஜ்கள் இருக்கும் தொழிற்பேட்டைக்கு அங்கே அதுதான் பெயர்) மலையாளி மெக்கானிக் பானெட்டைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, எத்தனை நாளாகத் தண்ணீர் ஊற்றுகிறாய் என்பதுதான். இரண்டு மாதமாக. இன்ஜின் சூட்டைத் தணிக்கும் பச்சைக் கூலன்ட் குறையக் குறையக் குழாய்த் தண்ணீரை ஊற்றிச் சமாளித்திருந்தேன். உள்ளே எல்லாம் துரு. ஒழுகிய ஹோஸை அன்றே மாற்றியிருந்தால் 60 திர்ஹாமோடு போயிருக்கும். இன்ஜினுக்குள் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் வரை போய் 1,900 ஆனது. ஏன் முன்பே வரவில்லை என்றார். ஹிந்தி வராது, ஏமாற்றிவிடுவார்கள், மாசக் கடைசியில் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், இதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது? வேலை இருந்தது என்றேன். அவர் ஏமாற்றவில்லை. "ஒரிஜினலா, தைவானா, சைனாவா?" என்று ஒவ்வொரு சாமானுக்கும் கேட்டு, மூன்று விலையும் சொன்னார். உன்னிடமும் கேட்பார்கள். பல்பு, வைப்பருக்கு சைனா போதும். தண்ணீர், பிரேக், பெல்ட் சம்பந்தப்பட்டதற்கு ஒரிஜினல் போடு.

டயரைப் பார்த்தாயா? பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. ஐந்து வருடம் தாண்டினால், மேலே இருக்கும் பட்டன் தேயாமல் நன்றாக இருந்தாலும் அங்கே ஓட்டக்கூடாது. பிடித்தால் 500 திர்ஹாம், லைசென்ஸில் 4 கரும்புள்ளி, வண்டி ஒரு வாரம் போலீஸ் பிடியில். 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் முடங்கும். நாலு தடவை டெஸ்டுக்குப் போனவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காற்று குறைந்த டயர்தான் கோடையில் வெடிக்கும். அழுந்தி அழுந்தித் தானே சூடாகிவிடும். பேட்டரி ஊரில் நாலு வருடம் வந்தால் அங்கே இரண்டு. காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறினால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதே.

இன்னொன்று. தூணில் உரசினால்கூட, ஊரில் மாதிரி நேரே டிங்கரிங் கடைக்குப் போக முடியாது. போலீஸ் கொடுக்கும் தாள் இல்லாமல் எந்த கராஜும் தொடமாட்டான், தொட்டால் அவனுக்கு அபராதம். நடு ரோட்டில் காரணமில்லாமல் நிறுத்தினால் 1,000 திர்ஹாம், 6 புள்ளி. வண்டி உருளுகிற நிலையில் இருந்தால் ஓரத்துக்கு உருட்டு. உருளவில்லையா, நாலு விளக்கையும் போட்டுவிட்டு இறங்கி விலகி நின்று 999-க்கு அடி. காருக்குள்ளே மட்டும் உட்காராதே.

கடைசியாக, எனக்கு உறுத்துவது இதுதான். 2024 ஏப்ரல் 16 மழையில் உங்கள் தெருவில் கார்கள் கூரை வரை முங்கிக் கிடந்ததை நீயே மூன்றாவது மாடியிலிருந்து வீடியோ எடுத்து அனுப்பினாய். அதில் எத்தனையோ வண்டிகள் துடைத்துப் பாலிஷ் போட்டு விற்பனைக்கு வந்திருக்கும். உன் வண்டியின் சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பார். அடியில் சேற்றுக் கோடு இருந்தால் எனக்குப் படம் அனுப்பு. கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பார். தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும் எடுத்திருந்தால் அடுத்த மழைக்கு ஒரு பைசா வராது, அதையும் பார்த்துச் சொல். வண்டி நின்றால் பின்னால் வைக்கும் சிவப்பு முக்கோணம் டிக்கியில் இருக்கிறதா?

அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீயே போன் செய்து சொல்லிவிடு.

அண்ணன்