தார் ரோடு முடியும் இடத்திலிருந்து

அபுதாபி,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். போன வாரம் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு அம்மா இரண்டு இரவுகள் தூங்கவில்லை என்று தம்பி சொன்னான். மணற்குன்றின் நடுவில் வண்டி மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கும் அந்தப் படத்தை அனுப்பியிருக்கவே கூடாது. அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று போனில் சொல்லத் தொடங்கினால் அம்மா அழுதுவிடுகிறார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர் நீங்கள். உங்களுக்கு விவரமாக எழுதுகிறேன். அம்மாவுக்கு நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.

நாங்கள் போனது லிவாவுக்கு. ரூப் அல் காலி என்ற பெரும் பாலைவனத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கும் பேரீச்சந் தோப்புகளின் ஊர் அது. சவுதி, ஓமன், ஏமன், அமீரகம் என நான்கு நாடுகளில் சுமார் 6,50,000 சதுர கிலோமீட்டருக்கு அந்த மணல் பரந்து கிடக்கிறது. தார் ரோடு முடிகிற இடத்தில் எங்கள் மூன்று வண்டிகளும் நின்றன. முதல் வேலை, டயரில் காற்றை இறக்குவது.

எனக்குக் கை வரவில்லை, அப்பா. காற்று குறைந்த டயரோடு வண்டியை வாசலைத் தாண்ட விடாதவர் நீங்கள். அதைப் பார்த்து வளர்ந்தவள், 35 பி.எஸ்.ஐ. இருந்ததை 15 வரை இறக்கினேன். காற்று குறையும்போது டயர் நீளவாக்கில் படிந்துகொள்கிறது. மணலைத் தொடும் பரப்பு கூடுவதால், சக்கரம் மணலை வெட்டி உள்ளே இறங்காமல் மேலாகவே போகிறது. ஒட்டகத்தின் பாதம் தரையில் அகலமாக விரிவதும் இதற்குத்தான். ஆனால் இந்தக் காற்றில் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். வளைவு எல்லாம் அகலமாக, நிதானமாக.

இன்னொன்றையும் மாற்றினோம். சக்கரம் வழுக்கினால் எஞ்சின் விசையைத் தானே குறைக்கும் ஏற்பாடு இந்த வண்டிகளில் உண்டு. மழை ரோட்டில் அது உயிரைக் காக்கும். மணலில், மேடேறும் நேரம் பார்த்து இழுவையைப் பறித்துவிடும். அதை அணைத்துவிட்டுத்தான் உள்ளே போனோம்.

ஒவ்வொரு குன்றுக்கும் இரண்டு முகம். காற்று ஏறிவரும் பக்கம் சரிவு குறைவு, மணலும் இறுகியிருக்கும். மறுபக்கம் மணல் தானாகச் சரிந்து விழுந்த பக்கம். செங்குத்தாக, பொலபொலவென்று இருக்கும். ஏறும்போது அந்த மறுபக்கம் தெரியாது. அதனால் உச்சிவரை ஒரே வேகத்தில் போய்விடக் கூடாது. அடிவாரத்தில் வேகம் எடுத்து, உச்சிக்குச் சற்று முன்பே ஆக்சிலரேட்டரைத் தளர்த்த வேண்டும். முன்சக்கரம் மட்டும் மெதுவாகத் தாண்ட வேண்டும். வேகமாகத் தாண்டினால் வண்டி பறந்து மூக்குக் குத்தும். ரொம்பத் தளர்த்தினால் ஏறாது. அந்த அளவு, காலுக்கு மெல்ல மெல்லத்தான் பழகுகிறது.

அன்று நான் ரொம்ப முன்னதாகவே தளர்த்திவிட்டேன். வண்டி பாதியில் நின்றது. அந்த நொடியில் எடுத்ததுதான் அம்மா பார்த்த படம். அந்த இடத்தில் செய்யக்கூடாதது ஒன்று உண்டு: திரும்பி இறங்க நினைத்து ஸ்டீயரிங்கை ஒடிப்பது. குறுக்கே திரும்பிய வண்டி உருண்டுவிடும். பிரேக்கை அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் திரும்பும். நியூட்ரலில் விடவே கூடாது. ரிவர்ஸ் கியரைப் போட்டு, ஏறிவந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்கினேன். இறங்கி முடிக்கும்வரை கண்ணாடியில் அந்தத் தடத்தை மட்டும் பார்த்தேன். இரண்டாவது முறை ஏறிவிட்டேன்.

சரிவில் குறுக்காகப் போக நேர்ந்து வண்டி நழுவினால், கை தானாக மேட்டுப் பக்கம் திருப்பப் பார்க்கும். பள்ளத்தின் பக்கம் திருப்பி, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுக்க வேண்டும். இதை நம்ப எனக்குப் பல நாட்கள் ஆயின.

புதைந்ததும் உண்டு, மறைக்கவில்லை. குன்றுகளுக்கு நடுவே ஒரு குழியில் பயந்து பிரேக் அடித்தேன். முன்சக்கரத்துக்கு எதிரே மணல் வரப்புப் போலக் குவிந்தது. கிளம்பப் பார்த்து மிதித்தேன். சக்கரம் சுழன்று, வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது. முதல் சுழற்சியிலேயே காலை எடுத்திருக்க வேண்டும். மண்வெட்டியால் நான்கு சக்கரத்தைச் சுற்றிலும் வயிற்றுக்கு அடியிலும் மணலை வாரினோம், காற்றை 12க்கு இறக்கினோம், வந்த தடத்திலேயே பின்னால் எடுத்ததும் வெளியே வந்துவிட்டது.

வேறொரு வண்டியைப் பட்டை கட்டி இழுக்க வேண்டியிருந்தது. அதற்கென்று வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்ந்த கொக்கி உண்டு. அதில்தான் மாட்ட வேண்டும். டிரெய்லர் மாட்டும் குமிழில் மாட்டினால், அது முறிந்து குண்டுபோலப் பறந்து வரும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. பட்டை இறுகும்போது யாரையும் பக்கத்தில் நிற்க விடவில்லை.

அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்: தனி வண்டியில் நான் ஒருபோதும் மணலுக்குள் போவதில்லை. கூரைக்கு மேலே நீண்ட கம்பில் கொடி பறக்கும். எதிர்ப்பக்கம் ஏறுகிறவருக்கு வண்டிக்கு முன்பே கொடி தெரியும். முன்வண்டி உச்சியைத் தாண்டி வாக்கி டாக்கியில் சொன்ன பிறகுதான் அடுத்தது ஏறும். குடிப்பதற்கு மேல் இரண்டு மடங்கு தண்ணீர் இருக்கும். கோடையில் போவதே இல்லை. காலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் இருக்கும். உச்சி வெயிலில் மேடும் பள்ளமும் ஒரே நிறமாகிவிடும் என்பதால் 11 மணிக்கெல்லாம் திரும்பத் தொடங்கிவிட்டோம்.

வழியில் தால் மொரீப் குன்றின் அடியில் கொஞ்ச நேரம் நின்றோம். சுமார் 300 மீட்டர் உயரம். பந்தயக்காரர்கள் அதில் ஏறுகிறார்கள். நாங்கள் ஏறவில்லை, எனக்கு ஆசையும் வரவில்லை.

தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி காற்று ஏற்றினோம். குறைந்த காற்றோடு ரோட்டில் வேகம் எடுத்தால் டயர் சூடேறி வெடிக்கும். நான்கு டயருக்கும் காற்று ஏறும்வரை காத்திருந்தபோது, ஒவ்வொரு பயணத்துக்கும் முன் நீங்கள் கம்பியால் டயரைத் தட்டிச் சத்தம் கேட்பீர்களே, அது நினைவுக்கு வந்தது. எல்லாரும் அளவுமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அதையும் பார்த்துவிட்டு, ஸ்பானரால் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்