மோர்ட்கேஜ் எடுத்துக் கொடுக்கும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பின் புரோக்கர் அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும்,

பிரித்தானியாவில் நம் சனங்களுக்குத் தமிழிலேயே கதைத்து வீட்டுக்கடன் ஒழுங்குபடுத்திக் கொடுப்பவர்கள் நீங்கள். இதை வங்கிகளுக்கு எழுதியிருக்கலாம், நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்சிஏவுக்கும் எழுதியிருக்கலாம். ஆனால் வீட்டைப் பறிகொடுத்து நிற்பவர்களில் பலர் வங்கிக்காரரின் முகத்தையே கண்டதில்லை. அவர்களுக்குத் தெரிந்த முகம் உங்களுடையது. உங்கள் மேசையில் தேநீர் குடித்து, உங்கள் பேச்சை நம்பி, அம்புக்குறி ஒட்டியிருந்த இடமெல்லாம் கையெழுத்து வைத்தவர்கள். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நான் கடன் ஆலோசகரும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. ஆங்கிலத்தில் கடிதம் வந்தால் "தம்பி, இதை ஒருக்கால் பார்த்துச் சொல்லும்" என்று கொண்டு வருவார்களே, அப்படி வாசித்துச் சொல்லும் ஒருவன். கவுன்சில் வரி, மருத்துவமனை, பள்ளிக்கூடம் என்று எல்லாக் கடிதமும் வரும். ஒரு வகைக் கடிதத்துக்கு மட்டும் வாய் திறக்கக் கஷ்டமாக இருக்கும். வீட்டை வங்கி எடுத்து, விற்று, எல்லாம் முடிந்தது என்று அந்தக் குடும்பம் வாடகை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வருவது அது.

உள்ளே பெரும்பாலும் ஒரே பக்கம்தான். மேலே அன்றைய நிலுவை. அதற்குக் கீழே வரிசையாகக் கழிவுகளும் கூட்டல்களும்: பிந்திய தவணைகளின் வட்டி, நீதிமன்றச் செலவு, சொலிசிட்டர் கட்டணம், பூட்டு மாற்றிய செலவு, வீடு வெறுமையாகக் கிடந்த மாதங்களுக்கான காப்புறுதி, ஏல நிறுவனத்தின் கொமிஷன். கடைசி வரியில் தடித்த எழுத்தில் ஒரு தொகை. ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 இலட்சம் பவுணுக்கு வாங்கிய வீடு, 3 இலட்சத்து 60 ஆயிரம் கடன். தவணை பிந்தி, வட்டி ஏறி, வீடு கைமாறும்போது நிலுவை 3 இலட்சத்து 80 ஆயிரம் ஆகிவிட்டது. ஏலத்தில் போனது 3 இலட்சத்து 45 ஆயிரத்துக்கு. விற்ற செலவு 12 ஆயிரம். ஆக, வீடும் இல்லை, முற்பணமாகப் போட்ட 40 ஆயிரமும் இல்லை, அதற்கு மேல் 47 ஆயிரம் பவுண் கடன்.

"வீட்டைத்தான் எடுத்துட்டாங்களே, பிறகு என்னத்துக்குக் காசு?" என்று கேட்காதவர் இல்லை. இந்த நாட்டில் சாவியைத் திருப்பிக் கொடுத்தால் கடன் தீராது. வீடு வெறும் ஈடுதான். கடனைக் கட்டுவேன் என்று ஆள் கொடுத்த வாக்கு தனியாக நிற்கிறது. இதை நீங்கள் அறியாமல் இருக்க முடியாது. அப்படியிருந்தும் தவணை கட்ட முடியாமல் தொலைபேசி எடுத்தவர்களுக்கு உங்களில் சிலர் சொன்ன பதில் என் காதுக்கு வந்துகொண்டே இருக்கிறது: "சாவியைக் கொண்டுபோய்க் குடுங்கோ அண்ணை, கணக்கு முடிஞ்சுது." முடியவில்லை. சாவியைக் கொடுத்த நாளிலிருந்து வீடு விற்கும் நாள்வரை வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அவரே ஏஜென்ட் பிடித்து, வங்கியிடம் கொஞ்சம் அவகாசம் வாங்கி விற்றிருந்தால், ஆளில்லாத வீடு என்று ஏலத்தில் போகும் விலையை விட நல்ல விலை கிடைக்கப் பெரும்பாலும் வாய்ப்பிருந்தது.

அவகாசம் கேட்க வழியும் இருந்தது. 1970ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம், பிரிவு 36. நியாயமான காலத்துக்குள் நிலுவையைக் கட்டி முடிப்பார் என்று தெரிந்தால் வீட்டை எடுப்பதை ஒத்திவைக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. மீதியிருக்கும் கடன் காலம் முழுவதையுமே அந்த நியாயமான காலமாக எடுத்துக்கொள்ளலாம் என்று நார்கன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லி எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் அதற்கு ஆள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வெட்கத்தில் போகாமல் வீட்டில் இருந்தவர்களை எனக்குத் தெரியும். "போங்கோ, போய்ச் சொல்லுங்கோ" என்று ஒரு வார்த்தை சொல்ல நீங்கள் சட்டம் படித்திருக்கத் தேவையில்லை.

சரி, இனிக் கடன் கொடுத்த விதத்துக்கு வருவோம். 2007க்கு முந்திய காலம் உங்களில் மூத்தவர்களுக்கு மறந்திருக்காது. வருமானத்துக்கு அத்தாட்சியே கேட்காத செல்ஃப்-சேர்ட் கடன்கள். நோர்தன் றொக் வங்கி வீட்டுப் பெறுமதியில் 125 வீதம் வரை கொடுத்தது. அதில் 95 வீதம் வரை வீட்டின் மேல், மீதி ஈடில்லாத கடன். அந்த வங்கி 2007 செப்டம்பரில் ஆட்டம் கண்டு, 2008 பெப்ரவரியில் அரசாங்கத்தின் கைக்குப் போனது எல்லாருக்கும் தெரியும். 2014 ஏப்ரல் 26 முதல் விதிகள் இறுகின. வருமானத்தை உறுதிப்படுத்தாமல் கொடுக்க முடியாது, கட்டக்கூடியவரா என்று பார்த்தே தீர வேண்டும்.

விதி இறுகியதும் சிலர் திருந்தினார்கள். சிலர் பொய்யாகப் பேஸ்லிப், அதாவது சம்பளச் சீட்டு, செய்யத் தொடங்கினார்கள். மச்சானின் கடையில் வேலை செய்வதாக ஒரு கடிதம், மூன்று மாதத்துக்குச் சம்பளம் கணக்கில் போட்டு அடுத்த நாளே எடுத்துக் கொடுப்பது. இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த இரகசியம். இதில் என்னை அதிகம் கோபப்படுத்துவது பின்னால் நடப்பது. வீடு போன பிறகு அந்த மனிதர் முறைப்பாடு செய்ய நினைத்தால், "நீங்களும்தானே சைன் வைச்சனீங்கள், கேஸ் போட்டால் நீங்களும் மாட்டுவீங்கள்" என்று அவர் வாயை மூடிவிடுகிறீர்கள். பொய் என்று தெரிந்து கையெழுத்து வைத்திருந்தால் 2006ஆம் ஆண்டின் மோசடிச் சட்டம் அவரையும் தொடும், உண்மைதான். ஆனால் தான் என்ன படிவத்தில் ஒப்பமிடுகிறோம் என்றே விளங்காமல் வைத்தவர்களிடமும் அதே மிரட்டலை விடுகிறீர்களே, அதற்கு என்ன பெயர்? பொய் வருமானம் காட்டிய புரோக்கர்கள் பலருக்கு எஃப்சிஏவுக்கு முன்பிருந்த கண்காணிப்பு அமைப்பான எஃப்எஸ்ஏ தொழில் தடையே போட்டது உங்களுக்கு நினைவிருக்கும்.

பேஸ்லிப் பொய்யில்லாத இடத்திலும் ஆலோசனை பொய்யாக இருக்கலாம். 52 வயதுக்காரருக்கு 30 வருடக் கடன். வட்டி மட்டும் கட்டும் கடனை எடுத்துக் கொடுத்துவிட்டு, முதலை எப்படித் திருப்பிக் கட்டுவது என்ற கேள்விக்கு "அதுக்குள்ள வீட்டு விலை ஏறிடும்". கடன் அட்டைகளின் பாக்கியை எல்லாம் வீட்டுக்கடனுக்குள் அள்ளிப் போடும் ரீமோர்ட்கேஜ். மாதத் தவணை குறைந்ததைக் காட்டிக் கைகுலுக்குவீர்கள். ஈடில்லாமல் இருந்த கடனுக்கு இப்போது வீடே ஈடாகிவிட்டது என்பதை யார் சொன்னது? ஆவணத்தில் அச்சடித்திருக்கிறது என்பீர்கள். அச்சடித்திருப்பது ஆங்கிலத்தில், நீங்கள் விளங்கப்படுத்தியது தமிழில். இரண்டும் ஒன்றாக இருந்ததா என்பதுதான் கேள்வி.

அப்புறம் இந்தப் பெயர் சேர்க்கும் விவகாரம். வருமானம் போதவில்லை என்றால் தம்பியைப் போடு, மருமகனைப் போடு. உறுதியில் பெயர் இல்லாமல் கடனில் மட்டும் பெயர் இருக்கும் ஏற்பாடும் இப்போது சாதாரணமாகிவிட்டது. கூட்டாக எடுத்த கடனில் ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. பாதிப் பாதி என்று சட்டம் பிரித்துப் பார்க்காது. அண்ணன் கையை விரித்தால் 47 ஆயிரத்துக்கும் தம்பியைத் தேடி வருவார்கள். அவனுக்கு வேறு வீடு இருந்தால், நீதிமன்றத் தீர்ப்பு எடுத்து அந்த வீட்டையும் இந்தக் கடனுக்கு ஈடாக்க முடியும். பெயர் சேர்த்த அன்று அவனிடம் "சும்மா ஒரு சைன்தான்" என்றவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கணவனின் கடைக்கடனுக்கு வீட்டை ஈடு வைக்கும்போது மனைவியின் கையெழுத்து வாங்குவதும் அப்படித்தான். 2001இல் எட்ரிட்ஜ் வழக்கில், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தெளிவாகவே சொன்னது: கணவன் அறையில் இல்லாத நேரத்தில், சொலிசிட்டர் மனைவியை நேரில் பார்த்து, இது என்ன, இதனால் என்ன போகும் என்று விளங்கக்கூடிய வார்த்தைகளில் சொல்ல வேண்டும். கணவனையே மொழிபெயர்ப்பாளராக வைத்து, ஐந்து நிமிடத்தில், நீங்கள் அனுப்பிவிடும் அதே சொலிசிட்டரின் அலுவலகத்தில் நடப்பதை இந்தக் கணக்கில் எங்கே சேர்ப்பது?

வீடு போன பிறகும் அந்தக் குடும்பத்துக்குச் சில பிடிகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நீங்கள் வாயே திறப்பதில்லை. வீட்டை விற்கும் வங்கி கவனமெடுத்து உண்மையான சந்தை விலைக்கு விற்க வேண்டும் என்பது 1971இன் கக்மியர் வழக்கிலிருந்தே நிலைத்துப்போன கடமை. எஃப்சிஏ விதியும் கிடைக்கக்கூடிய நல்ல விலையைப் பெறச் சொல்கிறது. ஆகவே மதிப்பீட்டறிக்கையையும் விற்பனை விபரத்தையும் கேட்கலாம். குறைந்த முற்பணத்துக்காகக் காப்புறுதிக் கட்டணம் கட்டியிருப்பார்கள். அது தங்களுக்கான பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அது வங்கிக்கான பாதுகாப்பு. வங்கிக்குக் காசு கொடுத்த காப்புறுதி நிறுவனம் அதே காசை இவர்களிடம் கேட்டு வரலாம்.

மிச்சக் கடனுக்கு வங்கி வழக்குப் போடக் கால எல்லையும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1980ஆம் ஆண்டின் கால எல்லைச் சட்டப்படி முதலுக்கு 12 வருடம், வட்டிக்கு 6 வருடம். விற்ற நாளிலிருந்து எண்ணுவதில்லை. முழுத் தொகையையும் கேட்கும் உரிமை வங்கிக்கு வந்த நாளிலிருந்து. 2005இல் பிரபுக்கள் சபையில் முடிந்த வெஸ்ட் புரொமிச் வழக்கு இதை உறுதி செய்தது. எஃப்சிஏ விதிக்குள் வரும் கடன் என்றால், மிச்சத்தை வசூலிக்கப் போகிறோம் என்று விற்ற 6 வருடத்துக்குள் அறிவிக்கவும் வேண்டும். பயத்தில் மாதம் ஐந்து பவுண் அனுப்பினாலோ, "கடன் இருக்கிறது, கட்டுவேன்" என்று எழுதிக் கொடுத்தாலோ, எல்லை முடிவதற்கு முன்னால் என்றால் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும். அதற்காகக் கடிதத்தைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. எழுதுவதற்கு முன் கேட்டுவிட்டு எழுதச் சொல்கிறேன். ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்று கடன் ஆலோசனை சொல்லும் அமைப்புகள் இருக்கின்றன, மூன்றுமே இலவசம். 2021 மே முதல் ஆலோசகர் ஒருவர் மூலம் கடன்காரர் நெருக்க முடியாத 60 நாள் மூச்சுவிடும் காலமும் எடுக்கலாம். கையில் சொத்தில்லாதவருக்கு, மொத்தக் கடன் 50 ஆயிரம் பவுணுக்குள் இருந்தால், கடனைத் தள்ளுபடி செய்யும் கடன் நிவாரண உத்தரவு என்ற வழியும் இருக்கிறது. 2024 ஏப்ரலிலிருந்து அதற்குக் கட்டணமும் இல்லை. மொத்தமாக ஒரு தொகை பேசித் தீர்க்கிறவர்களும் உண்டு, ஆனால் எழுத்தில் வாங்காமல் ஒரு சதமும் கொடுக்கக் கூடாது.

உங்கள் மேல் முறைப்பாடு செய்யும் உரிமையும் அவர்களுக்கு இருக்கிறது. 2004 ஒக்டோபர் 31 முதல் மோர்ட்கேஜ் ஆலோசனை கண்காணிப்புக்குள் வந்துவிட்டது. முதலில் உங்களுக்கு எழுத வேண்டும், உங்களுக்கு 8 வாரம். பதில் திருப்தியில்லை என்றால் 6 மாதத்துக்குள் முறைப்பாடுகளை இலவசமாக விசாரிக்கும் நிதி ஒம்பட்ஸ்மனிடம் போகலாம். ஆலோசனை கொடுத்து 6 வருடம், அல்லது பிழை தெரிய வந்து 3 வருடம், எது பிந்தியதோ அதுவரை. நிறுவனத்தை மூடிவிட்டு வேறு பெயரில் திறந்தவர்களுக்கும் ஒரு செய்தி: பழைய நிறுவனம் கடன் தீர்க்க முடியாமல் போயிருந்தால் எஃப்எஸ்சிஎஸ் இழப்பீட்டுத் திட்டத்திடம் 85 ஆயிரம் பவுண் வரை கேட்கலாம்.

உங்களில் நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். "இப்ப வாங்காதேங்கோ, இன்னும் இரண்டு வருஷம் பொறுங்கோ" என்று சொல்லிக் கொமிஷனை விட்டவர்களையும் அறிவேன். இந்த மடலை வாசித்துக் கோபப்பட வேண்டியவர்கள் அவர்கள் அல்ல. ஆனால் பக்கத்துக் கடைக்காரர் என்ன செய்கிறார் என்று தெரிந்தும் அவர்கள் பேசாமல் இருப்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கையெழுத்துக்கு முன்னால், தவணை நின்றால் என்ன நடக்கும், வீடு விற்ற பிறகும் என்ன மிஞ்சும் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். கடனில் பெயர் சேர்ப்பவரைத் தனியாக இருத்திக் கதையுங்கள். தவணை பிந்துகிறது என்று ஒருவர் அழைத்தால் தொலைபேசியை எடுங்கள். பழைய வாடிக்கையாளர் தன் கோப்பைக் கேட்டு வந்தால் அலைக்கழிக்காதீர்கள். தன்னைப் பற்றி உங்களிடம் இருக்கும் தகவலைக் கேட்கும் உரிமை தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது, பொதுவாக ஒரு மாதத்துக்குள், இலவசமாக. அப்படிக் கேட்கும் கடிதங்களை நான் எழுதிக் கொடுக்கத் தொடங்கிவிட்டேன். விரைவில் உங்களில் சிலருக்கு வந்து சேரும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களின் கடிதங்களை வாசித்துச் சொல்பவன்