பாப்பாவைக் கேட்க வைத்த உங்கள் எல்லோருக்கும்

வணக்கம். அருப்புக்கோட்டையிலிருந்து எழுதுகிறேன்.

என் மகள் இந்த ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள், எங்கள் தெருவில் உள்ள பிள்ளைகள் எல்லோரும் போகிற அதே பள்ளிக்கூடத்தில். முதல் நாள் டீச்சர் வருகைப் பதிவு எடுத்தபோது பின்னால் திரும்பி யாருக்கோ பென்சிலைக் காட்டிக்கொண்டு இருந்தாளாம், பெயரைச் சொன்னதும் அப்படியே திரும்பி "உள்ளேன் டீச்சர்" என்றாளாம். டீச்சர் இதைச் சாதாரணமாகத்தான் என்னிடம் சொன்னார். எனக்கு வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் நின்று அழுகைதான். 2020-இல் நீங்கள் எல்லோரும் செய்ததற்கு நான் ஒருநாளும் ஒழுங்காக உட்கார்ந்து நன்றி சொன்னதில்லை, அதனால்தான் இந்த மடல்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பாப்பாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 2020 ஜனவரி கடைசியில் மதுரையில் காக்ளியர் இம்ப்ளாண்ட் ஆபரேஷன், அதாவது உள்காதில் மின்முனைகளை வைக்கிற ஆபரேஷன், நடந்தது. அப்போது அவளுக்கு 2 வயது 8 மாதம். பிப்ரவரி கடைசியில் வெளியே மாட்டுகிற மெஷினை ஆன் செய்தார்கள். ஆபரேஷன் முடிந்தால் பிள்ளை பேசிவிடும் என்றுதான் ஊரில் பலரும் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஆன் செய்கிற அன்றுதான் அந்தப் பிள்ளையின் காது பிறக்கிறது. அதற்கப்புறம் வாரத்துக்கு 2 நாள் கேட்கவும் பேசவும் பழக்குகிற தெரபி, சில வாரத்துக்கு ஒருமுறை மேப்பிங், அதாவது உள்ளே வைத்திருக்கும் மின்முனை ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மின்சாரம் கொடுத்தால் சத்தம் கேட்கத் தொடங்குகிறது, எவ்வளவுக்கு மேல் போனால் தாங்காது என்று பார்த்துப் பார்த்து அளவு வைப்பது. முதல் சில மாதங்களில் இந்த அளவு மாறிக்கொண்டே இருக்கும். எங்களுக்கு மூன்றாவது மேப்பிங் மார்ச் 26-ஆம் தேதி. 25-ஆம் தேதி கொரோனாவுக்காக நாடு முழுக்க ஊரடங்கு. மதுரை 50 கிலோமீட்டர், பஸ் இல்லை.

மேப்பிங் செய்கிற ஆடியாலஜி மேடம், முதல் நன்றி உங்களுக்கு. மார்ச் இரண்டாவது வாரம் நாங்கள் வந்தபோதே, நிலைமை சரியில்லை, எதற்கும் இருக்கட்டும் என்று மெஷினில் இருக்கிற 4 புரோகிராமிலும் ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் வைத்து அனுப்பினீர்கள். அன்றைக்கு அது எனக்குப் புரியவே இல்லை. ஏப்ரல் முழுக்க நீங்கள் போன் செய்து, "இன்றைக்கு 2-க்கு மாற்றுங்கள், 3 நாள் பாருங்கள், கண்ணைச் சிமிட்டினாலோ தலையில் ஒட்டியிருக்கிற வட்டமான காயிலைப் பிடுங்கிப் போட்டாலோ திரும்ப 1-க்கு வந்துவிடுங்கள்" என்று சொன்னபோதுதான் புரிந்தது. அந்த 4 புரோகிராம் இல்லையென்றால் பாப்பா மூன்று நான்கு மாதம் மிக மெல்லிய சத்தத்திலேயே தங்கியிருப்பாள்.

தெரபி மேடம், உங்களுக்கு எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. ஊரடங்கு போட்ட 5-ஆவது நாள் வீடியோ கால் செய்தீர்கள். அதற்கு முன்பு வேறு ஓர் இடத்தில் விசாரித்தபோது, எல்லாம் திறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்போது என்ன அவசரம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வயதை நெருங்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு மாதமும் அவசரம்தான் என்று நீங்கள் ஒருவர்தான் சொன்னீர்கள்.

முதல் வகுப்பு சரியாகவே நடக்கவில்லை. ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று 6 ஒலிகளைத் தினமும் சொல்லிப் பார்க்க வேண்டும் இல்லையா, நீங்கள் மதுரையிலிருந்து "ஸ்" என்று சொன்னால் எங்கள் போனில் ஒன்றுமே கேட்காது. காது நன்றாகக் கேட்கிற எனக்கே கேட்கவில்லை. அந்தக் காற்றொலியைப் போன் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு வடிகட்டிவிடுகிறது என்று கண்டுபிடித்து, மறுநாளே முறையை மாற்றினீர்கள். "இனிமேல் நான் பாப்பாவுக்குச் சொல்லித்தர மாட்டேன், உங்களுக்குத்தான் சொல்லித்தருவேன், நீங்கள் அவளுக்குச் செய்யுங்கள், நான் பார்த்துத் திருத்துகிறேன்." எட்டாவதுதான் படித்திருக்கிறேன், என்னால் முடியாது மேடம் என்றேன். "அம்மாவாக இருக்கிறீர்கள் இல்லையா, அது போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றீர்கள்.

பாப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, வாயைப் பார்க்க முடியாதபடி வைத்து, முதலில் ஒரு சாண் தூரம், அப்புறம் ஒரு மீட்டர், அப்புறம் மூன்று மீட்டர். சத்தம் கேட்டால் ஒரு புளியங்கொட்டையை எடுத்து டப்பாவில் போட வேண்டும். நான் சில்வர் டம்ளர் வைத்திருந்தேன், கொட்டை விழுகிற சத்தத்திலேயே அவள் விளையாட ஆரம்பித்துவிடுவாள் என்று பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றச் சொன்னீர்கள். நான் ஒலியைச் சொல்லும்போது என்னை அறியாமல் தோளை அசைக்கிறேன், அந்த அசைவைப் பார்த்துத்தான் அவள் கொட்டையைப் போடுகிறாள் என்பதை 50 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து, கீறல் விழுந்த போன் கேமரா வழியாக நீங்கள் கண்டுபிடித்தீர்கள். இரவு 10 மணிக்கு நான் அனுப்பும் வீடியோவுக்கு உங்களிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வரும், பின்னால் உங்கள் குழந்தை அழுவது கேட்கும். உங்கள் வீட்டிலும் கஷ்டம் இருந்திருக்கும். ஒருநாள்கூட நீங்கள் அதைச் சொன்னதில்லை.

அண்ணாச்சி, உங்கள் தறிக் கொட்டகையைப் பற்றி எழுதாமல் இந்த மடல் முடியாது. ஊரடங்கில் தெருவில் தறிகள் எல்லாம் நின்றுவிட்டன. இவருக்குக் கூலி இல்லை, ரேஷன் அரிசியை வைத்துத்தான் ஓட்டினோம். ஆனால் எங்கள் தெருவில் அவ்வளவு அமைதியை நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்ததில்லை, புதுக்காது பழகுகிற பிள்ளைக்கு அந்த அமைதி பெரிய உதவியாக இருந்தது. பிறகு தறி ஓடத் தொடங்கிய அன்று பாப்பா திண்ணையில் விளையாடிக்கொண்டிருந்தாள். சட்டென்று நிமிர்ந்து, காதைத் தொட்டு, உங்கள் கொட்டகையைப் பார்த்துக் கையை நீட்டினாள். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவள், அன்றைக்குத்தான் அதைக் கேட்டாள். இவர் அப்படியே சைக்கிளைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

சந்தோஷம் ஒரு பக்கம், வகுப்பு நடத்த முடியாத நிலை இன்னொரு பக்கம். தயங்கித் தயங்கி உங்களிடம் கேட்டேன். தினமும் 11 மணிக்கு அரை மணி நேரம் 4 தறியையும் நிறுத்தினீர்கள். தறி நின்றால் என்ன நஷ்டம் என்று தறிக்காரர் வீட்டில் இருக்கிற எனக்குத் தெரியும், அதுவும் அந்த வருஷம். எத்தனை மாதம் என்று நீங்கள் கணக்கு வைத்திருக்க மாட்டீர்கள். நான் வைத்திருக்கிறேன், 7 மாதம்.

ஜூன் 25-க்கு இ-பாஸ் கிடைத்தது, ஒருவழியாக மேப்பிங்குக்குப் போகிறோம் என்று பையெல்லாம் எடுத்து வைத்தோம். 24-ஆம் தேதியிலிருந்து மதுரையில் மறுபடியும் முழு ஊரடங்கு. அப்போதுதான் ஆடியாலஜி மேடமும், விருதுநகரில் காது மூக்கு தொண்டை கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ஐயாவும் பேசி ஒரு வழி செய்தார்கள். மேப்பிங் போடுகிற சின்னப் பெட்டியும் கேபிளும் பார்சலில் விருதுநகர் வந்தன. ஒரே மாவட்டம், பாஸ் தேவையில்லை, பைக்கில் போய்விட்டோம். கிளினிக்கில் இருந்த தம்பி லேப்டாப்பில் எல்லாவற்றையும் மாட்டினார், மதுரையிலிருந்து மேடம் அந்த லேப்டாப்பை இயக்கினார். பாப்பா கொட்டையைப் போடுவது அவர் திரையில் ஒரு வினாடி தாமதமாகத் தெரிந்ததால், ஒவ்வொரு அளவுக்கும் பொறுத்துப் பொறுத்து, ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். டாக்டர் ஐயா ஒரு ரூபாய் வாங்கவில்லை. அந்தத் தம்பி மதியச் சாப்பாட்டுக்கே போகவில்லை. தம்பி, உங்கள் பெயரைக்கூட அன்றைக்குக் கேட்க மறந்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

காயில் ஒயர் அறுந்த அன்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட ஒரு வரிக்கு, தேனியிலிருந்து ஓர் அம்மா தன் மகனுக்கு வைத்திருந்த ஸ்பேர் ஒயரை ஸ்பீட் போஸ்டில் அனுப்பினார். தபால்கார அண்ணன் முகக்கவசத்தோடு வந்து, திண்ணையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று, "பாப்பாவுக்கு உள்ளதா, உடனே மாட்டுங்க" என்றார். ஒயர் இல்லாத 4 நாள் பாப்பா பழையபடி மௌனமாகிவிட்டாள், அது எப்படி இருந்தது என்று அந்தத் தேனி அக்காவுக்குத் தெரியும். எதிர்வீட்டு கல்லூரித் தம்பி தன் ஆன்லைன் வகுப்பை மொட்டை மாடியில் பழைய போனில் பார்த்துக்கொண்டு, நல்ல போனை 11 மணிக்கு எங்களுக்குக் கொடுத்தான்.

அத்தை, வீட்டு ஆளுக்கு எதற்கு நன்றி என்பீர்கள். சைகையைக் குறைத்துப் பேச்சைக் கூட்டுங்கள் என்று மேடம் சொன்னதும், 60 வயதுக்கு மேல் நீங்கள்தான் முதலில் பழகினீர்கள். வெங்காயம் உரிக்கும்போது, வாசல் தெளிக்கும்போது, "தண்ணி ஊத்துறேன், ஊத்து ஊத்து" என்று நாள் முழுக்க அவள் காதுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். ஆகஸ்டில் ஒருநாள் குடத்தைக் காட்டி "ஊத்து" என்றாள். அவள் சொன்ன முதல் வார்த்தை உங்களுடையது.

மெஷினை ஆன் செய்த நாளிலிருந்து கணக்கிடுகிற அவளுடைய கேட்கும் வயது இப்போது 3 தாண்டிவிட்டது. "ர", "ற" இன்னும் தடுமாறுகிறது, வகுப்பில் மின்விசிறி ஓடினால் பின்வரிசையில் கேட்பதில்லை, அதனால் டீச்சர் முதல் வரிசையில் உட்கார வைத்திருக்கிறார். வருஷ மேப்பிங்குக்கு அடுத்த மாதம் மதுரை வருகிறோம், இப்போது பஸ்ஸில்தான். தெரபி மேடம், நீங்கள் இரவல் கொடுத்த படப் புத்தகங்கள் இரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன, அட்டை போட்டு வைத்திருக்கிறேன். அதை நான் தரமாட்டேன், பாப்பாவே கொண்டுவந்து உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்கட்டும் என்று ஒரு வாரமாக வீட்டில் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறோம்.