பெட்டியைக் கொடுக்கவா?

சென்னிமலை
9-11-2025

கண்ணு,

தீபாவளிக்குப் பேசும்போது, "ஏப்பா, என்னை எதுக்கு அந்த நாமக்கல் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விட்டீங்க?" என்று கேட்டாய். கரண்ட் போய்விட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். கரண்ட் போகவில்லை. உன் அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "பேச வாய் வராட்டி எழுதியாச்சும் போடுங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன். நீ இருக்கிற ஊருக்கு இது வந்து சேர எத்தனை நாள் ஆகுமோ.

கரண்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாமலும் இல்லை. நீ பத்தாவது முடித்த 2012-ஐ நினைத்துப்பார். நாளுக்குப் பல மணிநேரம் கரண்ட் இருக்காது. நம் எட்டுத் தறியும் நெடுக்கு நூலான பாவை ஏற்றியபடியே நிற்கும். தறிச்சத்தம் நின்றால் அப்பத்தாவுக்குத் தூக்கம் கலைந்துவிடும். அந்த வருசம் கிழவி சரியாகத் தூங்கவே இல்லை. நீ மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சமூக அறிவியல் படித்து 500-க்கு 452 வாங்கினாய். அந்த மார்க்கைப் பார்த்த எல்லாரும் நாமக்கல்லில் போடு, நாமக்கல்லில் போடு என்றார்கள். அங்கே ஜெனரேட்டர் இருக்கிறது, பையன் தப்பித்துக்கொள்வான் என்று நான் நினைத்தேன். அம்மாவின் தாலிக்கொடியை பேங்கில் வைத்துத்தான் முதல் தவணை கட்டினேன். அந்தக் காலத்தில் ரிசல்ட் வந்த மறுநாள் பேப்பரில் பக்கம் பக்கமாகப் பையன்கள் படம் போட்டு விளம்பரம் வரும். அதில் உன் முகத்தையும் வைத்துப் பார்த்தேன். அதையும் மறைக்க வேண்டியதில்லை.

உன்னைக் கேட்டேனா என்றால், கேட்கவில்லை.

தகரப் பெட்டியோடு ஈரோடு போய், அங்கிருந்து பள்ளிபாளையம் பாலம் தாண்டித் திருச்செங்கோடு போய், மறுபடி பஸ் மாறிப் போனோம். பெட்டியை டிரைவர் பக்கத்தில் இன்ஜின் மேல் வைத்தோம். திருச்செங்கோட்டு மலை தெரிந்தபோது கும்பிட்டுக்கொள் என்றேன். நீ கும்பிடவில்லை, பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தாய். பள்ளிக்கு ஒரு பக்கம் கோழிப்பண்ணை, காற்று திரும்பினால் நாற்றம் வரும். தினமும் ஒரு முட்டை கட்டாயம். இன்றைக்கும் நீ முட்டையைத் தொடுவதில்லை, மருமகள் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறுதான் பார்க்க விடுவார்கள். வேப்பமரத்தடியில் விரிப்புப் போட்டு நூறு குடும்பம் உட்கார்ந்திருக்கும். அம்மா அரிசிம்பருப்புச் சோறு செய்து தூக்குப்போசியில் கொண்டுவருவாள், நீ தலை நிமிராமல் சாப்பிடுவாய். காலை நாலரைக்கு மணியடித்தால் இரவு பத்தரை வரைக்கும் ஸ்டடி, தினம் ஒரு டெஸ்ட் என்று நீ சொன்னதெல்லாம் எனக்கு அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. உனக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் கழித்துத்தான் நமக்குப் போன் வந்தது, நினைவிருக்கிறதா? அம்மா அழைத்து வந்துவிடலாம் என்றாள். பணம் கட்டியாயிற்றே என்றேன். அந்த வார்த்தையை அவள் இன்றைக்கும் விடவில்லை, வாரத்துக்கு ஒருமுறையாவது எடுத்துக் காட்டிவிடுவாள்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. காலேஜில் நீ கணக்கில் பெயிலாகி அரியர் வைத்த விஷயம்.

பன்னிரண்டாவதில் 1200-க்கு 1128 வாங்கினாய். கணக்கில் 200-க்கு 198, இன்ஜினியரிங் கட்-ஆப் 194. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. கவுன்சலிங்குக்குச் சென்னை போய், கோயமுத்தூரில் நல்ல காலேஜ் எடுத்தோம். முதல் செமஸ்டரில் அதே கணக்கில் அரியர். 198 வாங்கின பையனுக்கு அரியரா, ஹாஸ்டலை விட்டு வெளியே வந்ததும் ஆட்டம் போட்டுவிட்டாய் என்று தறிக்காரர்கள் முன்னால் வைத்துத் திட்டினேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் மூன்று மாதம் வீட்டுக்கே வரவில்லை.

நம் தெருவில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் இருக்கிறார் அல்லவா, அவர்தான் பின்னால் எனக்கு விளங்கச் சொன்னார். அப்போது பதினொன்றாவதுக்கு அரசுப் பரீட்சை கிடையாது. பள்ளியே வைத்துக்கொள்ளும், அந்த மார்க்கை எங்கேயும் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் உன் பள்ளி மாதிரி இடங்களில் பதினொன்றாவது புத்தகத்தைத் தொடாமல், ஜூனிலேயே பன்னிரண்டாவது பாடத்தை எடுத்து, இரண்டு வருசமும் அதையே திருப்பித் திருப்பிப் போட்டார்கள். கணக்குப் பரீட்சையில் ஒரு மார்க் கேள்வி நாற்பது, ஆறு மார்க் கேள்வி பத்து, பத்து மார்க் கேள்வி பத்து என்று உனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஆனால் கால்குலஸ் என்கிற வகையீடும் தொகையீடும் ஆரம்பிக்கிறதே பதினொன்றாவதில்தானாம். அடிப்பாவு இல்லாமல் குறுக்கு நூலான ஊடையை மட்டும் ஓட்டினால் துணி எங்கிருந்து வரும் என்று அந்த வாத்தியார் என்னையே கேட்டார். தறிக்காரனிடம் தறிக்கணக்கிலேயே சொல்லிவிட்டார். காலேஜில் அந்தப் பாவைக் கேட்டபோது உன்னிடம் இல்லை. எனக்கு அது தெரியவில்லை, உன்னைத் திட்டினேன். பத்து வருசமாக இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையது கண்ணு.

அதற்காக எல்லாவற்றையும் கெட்டது என்று நான் எழுதினால் நீயே ஒத்துக்கொள்ள மாட்டாய். தர்மபுரிக்காரத் தம்பி உன் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்து பந்தி பரிமாறினானே, அவன் அங்கே கிடைத்தவன்தான். வேதியியல் சார் இரவு உன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததாக நீயே சொல்லியிருக்கிறாய். அதை எப்படி எடைபோடுவது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருசம் வாசலில் சைக்கிள் நிற்காததை ஒரு தட்டில் வைத்தால் இந்தப் பக்கம் எதை வைப்பது?

இப்போது ஏன் இதெல்லாம் என்கிறாயா? உன் சித்தப்பா மகன் இந்த வருசம் பத்தாவது. நன்றாகப் படிக்கிறான், படம் அதைவிட நன்றாக வரைகிறான். "அண்ணா, பெரியவன் படிச்ச எடத்துலயே போட்றலாமா?" என்று உன் சித்தப்பா இரண்டு தடவை கேட்டுவிட்டான். ஒரு தடவை தறியில் நூல் அறுந்தது, இன்னொரு தடவை நானே அறுத்துக்கொண்டேன்.

2017-ல் ரேங்க் லிஸ்ட்டை நிறுத்தி, 1200-ஐ 600 ஆக்கி, பதினொன்றாவதுக்கும் பொதுத்தேர்வு வைத்தபோது, இனி யாரும் அந்த வருசத்தைத் தாண்டிக் குதிக்க முடியாது என்று வாத்தியார் சந்தோஷப்பட்டார். இந்த வருசத்திலிருந்து பதினொன்றாவது பொதுத்தேர்வு இல்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. பிள்ளைகளுக்கு ஒரு பாரம் குறைந்தது என்பது சரிதான். ஆனால் பேப்பரில் அதைப் படித்தபோது எனக்கு உன் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. சின்னவனைச் சேர்க்கப்போகிற பள்ளி எதுவானாலும், பதினொன்றாவது பாடத்தை ஒழுங்காக நடத்துகிறீர்களா என்று நேரில் போய்க் கேட்க வேண்டும். அதை நான் கேட்டுக்கொள்கிறேன். ஹாஸ்டலைப் பற்றி நீதான் பேச வேண்டும். சித்தப்பாவிடம் இல்லை, சின்னவனிடம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் வீட்டில்தான் இருப்பான்.

தீபாவளி நோம்பிக்குச் சுத்தம் செய்யும்போது பரணில் இருந்து பெட்டியை இறக்கினோம். மூடியில் உன் பெயரும் ரூம் நம்பரும் வெள்ளைப் பெயிண்டில் அப்படியே இருக்கிறது. உள்ளே நம் தறியில் ஓட்டின போர்வை, இரண்டு வால்யூம் கணக்குப் புத்தகம், கட்டை பென்சில்கள். சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, பெயிண்ட் அடித்தால் சின்னவனுக்கு ஆகும் என்று கேட்கிறான். பார்க்கலாம் என்று சொல்லித் திண்ணையில் வைத்திருக்கிறேன். கொடுக்கவா வேண்டாமா என்று சின்னவனிடம் பேசிவிட்டு நீ சொல்.

அப்பா