‘அம்ம அறியான்’ ஆய்வுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமின் ‘அம்ம அறியான்’ (1986; ‘அம்மா அறிவதற்கு’ என்று பொருள்) படத்தைப் பற்றி நான் எழுதிவந்த ஆய்வு முடிந்துவிட்டது. கோவையில் எங்கள் திரைப்படக் கழகம் அதைச் சிறு நூலாக அச்சிடுகிறது. நூலின் முதல் பக்கத்தில் நான்கு வரி நன்றி எழுதிக் கடமையை முடித்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை. யார் எதைத் தந்தார்கள் என்பதைச் சொன்னால்தான் அந்த ஆய்வு எங்கே போய் நின்றது என்பதும் விளங்கும். அதனால் இந்த மடல்.

முதல் நன்றி என் பேராசிரியருக்கு. சுயாதீன சினிமாவைப் பற்றிப் பொதுவாக எழுதலாம் என்ற எண்ணத்தோடு அவரிடம் போனேன். “பொதுவாக எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நீ ஒரே ஒரு படத்தைப் பிடி. பணம் எங்கிருந்து வந்தது, யார் எடுத்தார்கள், யாருக்குக் காட்டினார்கள், இந்த மூன்றையும் கடைசிவரை விடாதே” என்றார். எந்தப் படம் என்பதையும் அவரே சொன்னார். நம் ஊர்ப் பார்வையாளர்கள் ஜானை அறிந்தது ‘அக்ரகாரத்தில் கழுதை’ (1977) வழியாக. வெங்கட் சாமிநாதன் திரைக்கதை எழுதி, எம்.பி. சீனிவாசன் பேராசிரியராக நடித்த அந்தத் தமிழ்ப் படம் தேசிய விருது பெற்றது. பிறகு எதிர்ப்புகளுக்கு அஞ்சி அதன் தொலைக்காட்சி ஒளிபரப்பே கைவிடப்பட்டது. அதோடு ஜானை நாம் மறந்துவிட்டோம் என்பது பேராசிரியரின் நீண்ட நாள் வருத்தம். ஜான் கேரளத்தில் அதற்குப் பின் செய்ததைத் தமிழில் யாராவது பொறுமையாக எழுத வேண்டும் என்று விரும்பினார். ஐயா, அந்த வேலையை என்னை நம்பிக் கொடுத்தீர்கள். அந்த நம்பிக்கைக்கு என் வணக்கம்.

ஆய்வின் முதல் அத்தியாயம் பணத்தைப் பற்றியது. அதற்கு வேண்டிய பழைய இதழ்களையும் விழா மலர்களையும் தேடித் தந்த நூலகர் அம்மாவுக்கு நன்றி. தூசி தட்டி அவர் எடுத்துக் கொடுத்த கட்டுகள் இல்லாமல் அந்தக் காலத்துப் பின்னணி எனக்குப் பிடிபட்டிருக்காது. 1960-இல் மத்திய அரசு தொடங்கிய திரைப்பட நிதிக் கழகம், அந்தப் பத்தாண்டின் இறுதியில் புதியவர்களுக்குக் கடன் கொடுக்க ஆரம்பித்தது. மணி கௌலின் ‘உஸ்கி ரோட்டி’ அப்படி வந்ததுதான்; அதில் ஜான் உதவி இயக்குநர். கேரளத்திலோ அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965-இல் சித்ரலேகா திரைப்படக் கழகத்தை ஆரம்பித்தார்கள். கூட்டுறவு முறையில் தயாரிப்பிலும் இறங்கி, நிதிக் கழகத்தின் கடனும் பெற்று ‘சுயம்வரம்’ (1972) எடுத்தார்கள். முதலாளியின் பிடியிலிருந்து விலகி நிற்க அன்று இருந்த வழிகள் இவை. இரண்டுமே நல்ல வழிகள். அவை இல்லாவிட்டால் இந்திய மாற்றுச் சினிமாவே இல்லை. ஆனால் கடன் கொடுக்கிற கழகத்துக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். அதற்குப் படம் தியேட்டருக்குப் போக வேண்டும். தியேட்டர்காரர் கதவைத் திறக்கவில்லை என்றால் பெட்டி பெட்டியாகவே கிடக்கும். அன்றைய மாற்றுப் படங்கள் பலவற்றுக்கு நேர்ந்தது இதுதான்.

ஜான் வேறு பாதையில் போனார். 1984-இல் கோழிக்கோட்டை மையமாக வைத்து நண்பர்களோடு ஒடெசா என்ற கூட்டமைப்பை உருவாக்கினார். சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் ‘போர்க்கப்பல் பொதெம்கின்’ பார்த்தவர்களுக்கு ஒடெசா என்ற துறைமுக நகரத்தின் படிக்கட்டுகள் மறக்காது. பெயர் அங்கிருந்து வந்தது. ஊர் ஊராகப் போய், சாப்ளினின் ‘தி கிட்’ போன்ற படங்களைத் திரையிட்டு, வந்தவர்களிடம் முடிந்ததைக் கேட்டு வாங்கினார்கள். அந்தச் சிறு தொகைகளைச் சேர்த்துத்தான் ‘அம்ம அறியான்’ எடுக்கப்பட்டது. முடிந்த படத்தையும் தியேட்டர் வியாபாரத்துக்குக் கொடுக்காமல், மறுபடி ஊர் ஊராகவே எடுத்துப் போனார்கள்.

இந்த வரலாறு புத்தகங்களில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாததைத் தந்தவர் கோழிக்கோட்டு மாஷ். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் அவர். அந்த வட்டாரத்தில் ஊரே அவரை மாஷ் என்றுதான் கூப்பிடுகிறது. அறிமுகக் கடிதம்கூட இல்லாமல் போய் நின்றவனை உட்காரவைத்து, கட்டஞ்சாயா கொடுத்து, மலையாளமும் தமிழும் கலந்து மதியம் முழுவதும் பேசினார். சாப்ளின் படத் திரையிடல் ஒன்றுக்கு அவர் இளம் வயதில் போயிருக்கிறார். பள்ளி மைதானத்தில் திரை கட்டி, மாணவர்களும் கூலித் தொழிலாளர்களும் தரையில் உட்கார்ந்து பார்த்தார்களாம். “படம் முடிந்ததும் ஒரு பையன் துண்டை ஏந்திக்கொண்டு வந்தான். என்ன படம் எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். எடுத்ததும் இங்கேயே கொண்டுவந்து காட்டுவோம் என்றான். சட்டைப் பையில் இருந்ததைப் போட்டேன்.”

சொன்னபடியே பின்னர் கொண்டுவந்து காட்டினார்கள். படம் பிடித்திருந்ததா என்று கேட்டேன். மாஷ் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “பாதி எனக்குப் புரியவில்லை. நீளமாகவும் இருந்தது. ஆனால் எழுந்து போகத் தோன்றவில்லை. அதில் என் காசு இருக்கிறதே. என்ன செய்திருக்கிறார்கள் என்று முழுவதும் பார்க்க வேண்டாமா?”

இந்தப் பதில் என் ஆய்வின் முதுகெலும்பு. டிக்கெட் வாங்கிப் போகிறவர் படம் தன்னை மகிழ்விக்கவில்லை என்றால் கோபித்துக்கொள்கிறார். அது அவருடைய உரிமை. முன்கூட்டியே காசு போட்டவரோ கணக்குக் கேட்கிறவராக உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் படம் புரியாமல் போகலாம், அலுக்கலாம், ஆனாலும் அது அவர் வீட்டு விவகாரம். ‘லூசியா’ (2013) போல இணையத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்டிய படங்களோடு ஒடெசாவை ஒப்பிட்டுப் பலர் பேசுகிறார்கள். பணம் திரட்டும் முறையில் ஒற்றுமை உண்டு. ஆனால் காசு போட்ட அதே மைதானத்துக்குப் படம் திரும்பி வந்தது என்பதில்தான் ஒடெசாவின் தனித்தன்மை இருக்கிறது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மாஷ், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. உங்கள் சொற்களை நீங்கள் அனுமதித்தபடி பெயர் குறிப்பிடாமல் அப்படியே சேர்த்திருக்கிறேன்.

அடுத்து, எங்கள் தெருவில் குடியிருக்கும் செவிலியர் சேச்சிக்கு. படத்தின் மலையாள உரையாடலைத் தமிழில் எழுதித் தரும் வேலையை இரவுப் பணிக்கு நடுவே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தவர் அவர். வரிக்கு வரி நிறுத்தி, கேட்டு, சொல்லி, மறுபடி கேட்டு எழுதினோம்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புருஷன் என்ற இளைஞன் டெல்லிக்குப் புறப்படுகிறான். தவறாமல் கடிதம் எழுது என்கிறாள் அம்மா. வயநாட்டுச் சாலையில் அவன் போகும் ஜீப்பைப் போலீசார் நிறுத்துகிறார்கள், தூக்கில் தொங்கிய ஒருவனின் உடலை ஏற்றிப் போக. அந்த முகத்தை எங்கோ பார்த்திருக்கிறோம் என்ற உறுத்தல் அவனை விடவில்லை. பயணத்தைக் கைவிட்டு, இறந்தவன் யார் என்று தேடுகிறான். தபலா வாசிப்பவனான ஹரி என்று தெரிகிறது. ஹரியின் அம்மா இருப்பது கொச்சிக் கோட்டைப் பகுதியில். மகன் இறந்த செய்தியை அவளிடம் சொல்ல வேண்டும். கோழிக்கோடு, திருச்சூர், வைப்பின் என்று தெற்கே போகப் போக, ஹரியை அறிந்த ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்கிறார்கள். ஒருவன் தொடங்கிய நடை பெருங்கூட்டமாகிறது. நடந்த போராட்டங்களும் அதற்குள் வந்து கலக்கின்றன: மருத்துவ மாணவர் வேலைநிறுத்தம், 1982-இல் வைப்பினில் விஷச்சாராயம் குடித்தவர்களின் சாவு. புருஷன் தன் அம்மாவுக்கு எழுதும் கடிதமாகவே எல்லாம் சொல்லப்படுகிறது.

நான் இந்த அரசியல் பகுதிகளையே வரிசைப்படுத்திக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். சேச்சி திடீரென்று படத்தை நிறுத்தச் சொன்னார். “ஒரு விஷயம் பார்த்தீர்களா தம்பி? இவர்கள் சும்மா கிளம்புவதில்லை. ஒவ்வொருவனும் வீட்டில் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் வருகிறான். ஒரு அம்மாவுக்குச் செய்தி சொல்லப் போகிறவர்கள், இத்தனை அம்மாக்களுக்கும் செய்தி சொல்லிக்கொண்டே போகிறார்கள்.” மருத்துவமனை வராந்தாவில் உறவினர்களிடம் சாவுச் செய்தி சொல்லிப் பழகியவர் அவர். அந்தச் சொல்லுக்கு எவ்வளவு பாரம் என்பது அவருக்குத் தெரியும். அந்த இரவு படத்தை மறுபடி தொடக்கத்திலிருந்து ஓட்டினோம். வீட்டு வாசல்களில் நிற்கும் அந்த முகங்களை வேணுவின் கறுப்பு வெள்ளைக் கேமரா எவ்வளவு நிதானமாகப் பார்க்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. வேணுவுக்கு இந்தப் படத்துக்காகவும் தேசிய விருது கிடைத்தது; பொருத்தமான விருது.

மாஷ் சொன்னதையும் சேச்சி சொன்னதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தபோது ஆய்வின் மையக் கருத்து கிடைத்தது. ஒடெசா நண்பர்கள் வீடு வீடாக, ஊர் ஊராகப் போய்ப் பணம் சேர்த்த விதமும், படத்தில் இளைஞர்கள் வாசல் வாசலாக நின்று ஆள் சேர்த்துக்கொண்டு போகிற விதமும் ஒன்றே. தயாரிப்பு முறைதான் கதையின் வடிவமாக மாறியிருக்கிறது. சுயாதீனப் படம் என்றால் குறைந்த செலவில் எடுத்த படம் என்று சொல்லிவிட்டு நகர்வது வழக்கமாகிவிட்டது. பணம் வந்த வழி படத்தின் நடையைக்கூடத் தீர்மானிக்கும் என்பதற்கு இதைவிடத் துலக்கமான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

எங்கள் கழகத்தின் திரையிடலுக்கு வந்து விவாதித்த கல்லூரி மாணவர்களுக்கும் நன்றி கூற வேண்டும். இரண்டாம் பாதியில் படம் பேச்சில் சிக்கித் தளர்கிறது, நடிப்பும் பல இடங்களில் ஒட்டவில்லை என்று நான் சொன்னேன். இன்னமும் அதுவே என் கருத்து. அவர்கள் ஏற்கவில்லை. ஒரு மாணவி, “சாவு வீட்டுக்குப் போகிற வழியில் யாரும் அளந்து பேசுவதில்லை. எங்கள் ஊரில் போகும்போதும் இப்படித்தான் எல்லாவற்றையும் பேசிக்கொண்டு போவோம்” என்றார். அவருடைய வாதத்தை என் கருத்துக்கு நேர் எதிரே முழுமையாக அச்சிட்டிருக்கிறோம். படிப்பவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

அந்தத் திரையிடலுக்கு மண்டபம் தந்தவர், ஒலிபெருக்கி தந்த அண்ணன், வந்தவர்களுக்கு இரவுச் சாப்பாடு போட்ட மெஸ்காரர், மெய்ப்புப் பார்த்த தோழர், நான் வீட்டில் இருந்தும் இல்லாதவனாக இருந்த மாதங்களைப் பொறுத்துக்கொண்ட என் மனைவி, எல்லோருக்கும் நன்றி.

ஜான் 1987 மே மாதம் கோழிக்கோட்டில் ஒரு கட்டடத்தின் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். ஐம்பது வயதுகூட நிறையவில்லை. ஒடெசாவிலிருந்து அவருடைய இன்னொரு படம் வரவில்லை. அந்த இயக்கம் தோற்றதா என்ற கேள்வியை எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். ஒடெசா நண்பர்களில் ஒருவரான சத்யனைப் போன்றவர்கள் பிறகும் பல ஆண்டுகள் ஒடெசாவின் பெயரில் ஆவணப்படங்கள் எடுத்தார்கள், படச்சுருளோடு ஊர்களுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒரு மனிதரின் ஆளுமையை இவ்வளவு நம்பியிருந்தது அந்த அமைப்பின் பலவீனம் என்றும், அவர் போன பின்னும் திரையிடல் நிற்காதது அதன் பலம் என்றும் கடைசி அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். இதில் மாறுபடுகிறவர்கள் அவசியம் எழுதுங்கள். அடுத்த பதிப்பில் சேர்ப்போம்.

நூல் அச்சகத்திலிருந்து வந்ததும் முதல் பிரதி மாஷுக்குப் போகும். சேச்சியின் மகள் அதை மலையாளத்தில் பெயர்க்கத் தொடங்கியிருக்கிறாள். மாஷ் படித்துத் திருத்தித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். விற்பனையில் கிடைக்கும் தொகை முழுவதும் எங்கள் கழகத்தின் கிராமத் திரையிடல்களுக்குச் சேரும். திரையும் கருவியும் எங்களிடம் இருக்கின்றன. உங்கள் ஊரில் ஒரு மைதானமோ பள்ளிக்கூடமோ கிடைக்கும் என்றால் தெரிவியுங்கள், வருகிறோம்.

நன்றியுடனும் அன்புடனும்,
உங்கள் கோவை நண்பன்