கருத்துச் சுதந்திரப் பாடம் குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அடுத்த வாரம் முதல் மேல்வகுப்புகளின் குடிமையியல் பாடவேளைகளில், கருத்துச் சுதந்திரத்தின் எல்லைகளும் மதத் தீவிரவாதமும் பாடமாக எடுத்துக்கொள்ளப்படவுள்ளன. பிள்ளைகளுக்கு இது இந்த வயதில் தேவைதானா என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். அதற்கு எழுத்திலேயே விடை தர விரும்புகிறேன்.

2020 அக்டோபர் 16 அன்று, பாரிஸ் அருகே சாமுவேல் பாத்தி என்ற வரலாற்று ஆசிரியர், பள்ளி முடிந்து திரும்பும் வழியில் கொடூரமாகக் கொல்லப்பட்டார். கருத்துச் சுதந்திரம் பற்றிய வகுப்பில், 'சார்லி ஹெப்டோ' என்ற பிரெஞ்சு நையாண்டி இதழ் வெளியிட்ட, முகமது நபியைச் சித்திரித்த கேலிச்சித்திரங்களை அவர் காட்டியிருந்தார். பார்க்க மனமில்லாதவர்கள் பார்க்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். முஸ்லிம் மாணவர்களை அவர் வெளியே போகச் சொன்னதாக வீட்டில் கூறிய மாணவி, அந்த வகுப்புக்கே வந்திருக்கவில்லை. அதை நம்பிய தந்தை காணொளி வெளியிட, அது பரவி, அந்தப் பள்ளியோடு எந்தத் தொடர்புமில்லாத 18 வயது இளைஞன் ஒருவனை எட்டியது. அவனே கொலையாளி. காணொளிக்கும் கொலைக்கும் இடையே ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் பதறுகிறது. வகுப்பில் உண்மையில் என்ன நடந்தது என்று விசாரித்தறிய அந்த நாட்கள் தாராளமாகப் போதும்.

எல்லையை எங்கே வகுப்பது என்பதில் மக்களாட்சி நாடுகளே ஒத்துப்போவதில்லை. உடனடிச் சட்டமீறலைத் தூண்டும் நோக்கமும், அது நிகழும் வாய்ப்பும் சேர்ந்திருந்தால்தான் பேச்சைத் தண்டிக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1969இல் தீர்ப்பளித்தது. ஒரு பிரிவினர்மீது பொதுவெளியில் வெறுப்பைத் தூண்டுவதையே ஜெர்மனி குற்றமாகக் கொள்கிறது. டென்மார்க் 2017இல் மத நிந்தனைச் சட்டத்தை நீக்கிவிட்டு, குர்ஆன் எரிப்புகளால் எழுந்த மிரட்டல்களுக்கிடையே 2023இல் புனித நூல்களைப் பொதுவிடத்தில் இழிவுபடுத்துவதைத் தடைசெய்தது. மிரட்டலுக்கு அஞ்சி வகுக்கும் எல்லை அடுத்த மிரட்டலில் மேலும் உள்ளே நகரும் என்பதால், அந்தத் தடை எனக்கு உடன்பாடானதன்று. உங்களில் சிலர் வேறுவிதமாகக் கருதலாம்.

வகுப்பில் இரண்டு வாக்கியங்கள் கரும்பலகையில் எழுதப்படும். 'இந்த மதத்தின் கொள்கை தவறானது' என்பது ஒன்று. 'இந்த மதத்தாரை ஊரைவிட்டே அடித்துத் துரத்த வேண்டும்' என்பது மற்றொன்று. முதலாவது, நம்பிக்கையுள்ள ஒரு பிள்ளையின் மனத்தை ஆழமாகவே நோகச்செய்யலாம். அந்த நோவை ஆசிரியர்கள் அலட்சியப்படுத்த மாட்டார்கள், அதற்கு மறுமொழி சொல்ல அந்தப் பிள்ளைக்கு நேரம் தரப்படும். இரண்டாவது, ஒரு மனிதர் அச்சமின்றி வாழும் உரிமையையே பறிக்கிறது. வேறு மதத்தவர் சொன்னால் குற்றம், நம்மவர் சொன்னால் ஆவேசம் என்று எடைபோடாதிருக்க மாணவர்கள் பழக வேண்டும். பெரியவர்களான நமக்கே இது எளிதில் கைகூடுவதில்லை.

பாடத்தில் காட்டப்படும் படங்கள், வாசிக்கப்படும் பகுதிகள் அனைத்தையும் நீங்கள் முன்கூட்டியே பள்ளி அலுவலகத்தில் பார்க்கலாம். வகுப்பைப் பற்றிப் பிள்ளை சொல்லும் ஏதேனும் உங்களை வருத்தினால், வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்வதற்கு முன், அன்றே வகுப்பாசிரியரையோ என்னையோ அழையுங்கள். தேவைப்பட்டால் அந்த ஆசிரியருடனேயே நாம் உட்கார்ந்து பேசலாம்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்